உதிரிகள்

வீரமலைக்கு ஒரு மேட்சுக்கு ரெண்டு ரூபாய்.
பேரும் உண்டு. செக்ரோலில்
"கிரவுண்ட் வேலை" என்று நான்தான் போடுவேன்.
டிக்கோயாப் பக்கம் காசு வாங்கிப் பந்து போட்ட
முதல் ஆள் அவனாகத்தான் இருக்கும்.
துரைமார் சும்மா ஆடினார்கள்,
அதனால் கனவான்கள்.

ஸ்கோர் புத்தகத்தில் அவர்களுக்கு
மிஸ்டர் உண்டு, முன்னெழுத்து ரெண்டு உண்டு.
இவன் வெறும் வீரமலை.
அதையும் இடம் போதாதென்று "வீரா" ஆக்கியிருந்தார்
எனக்கு முன்னால் இருந்த கிளாக்கர்.
நான் முழுசாக எழுதினேன்.
செய்ததில் அது ஒன்று.

கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த விரல்.
நாலே எட்டு ஓடிவருவான்.
பந்து ஒரு இடத்துக்குப் புறப்பட்டு
பாதி வழியில் மனசை மாற்றிக்கொள்ளும்.
மூணு வருஷத்தில் நூற்றுப் பதினொரு விக்கெட்.
ரெண்டு தடவை கூட்டிப் பார்த்திருக்கிறேன்.
பகல் சாப்பாட்டுக்குத் துரைமார் கூடாரத்துக்குள் போக
அவன் ரோலர் மேல் உட்கார்ந்து
ரொட்டியைப் பிய்ப்பான், இடது கையால்.
வலது கைக்கு உறைப்புப் பட விடமாட்டான்.

முப்பத்தொன்றாம் வருஷம், மாசி.
தேயிலை விலை விழுந்து
மலை முழுக்க அரைப்பேர் விழுந்த மாதம்.
டிம்புள்ளக்காரர்களோடு ஆட்டம்.
கூடாரத்தில் குதிரைக்குக் கட்டுவதுபோல் கட்டினார்கள்,
நோட்டு நோட்டாக.
அவர்களுக்கு மூணு ஓட்டம் வேணும்,
ஒரே விக்கெட் பாக்கி.
இறங்கி வந்த பனி
பாயிண்டில் நின்ற துரையை முழுங்கியிருந்தது.
வீரமலை ஓடிவந்தான்.
பந்து லெக் பக்கம்,
ரொம்பத் தள்ளி,
கீப்பர் துரை விழுந்தும் எட்டாமல்
கயிற்றைத் தொட்டது.

நான் பை என்று எழுதினேன்.
அம்பயர் ரெண்டு கையையும் விரித்தார்.
அழித்து, வைட் என்று எழுதினேன்.
தாள் அந்த இடத்தில் இன்னும் மெலிசு.

ஞாயிறு காலை பெரிய கங்காணி லயத்துக்குள் புகுந்து
அரிசி டின்னிலிருந்து
எட்டாய் மடித்த பத்து ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்தார்.
சீட்டுக் காசு என்றாளாம் சிலம்பாயி, அவன் பெண்சாதி.
சீட்டு உண்மை.
பிடித்தது நான்.
கிளாக்கர் சீட்டுப் பிடித்தது தெரிந்தால்
மறுநாள் பெட்டி கட்ட வேண்டியதுதான்.
அந்த மாதம் அவளுக்கு விழுந்தது எட்டு ரூபாய்.
மேட்ச் காசு ரெண்டு சேர்த்தால் பத்து.
ஆனால் மேட்ச் காசு திங்கட்கிழமைதானே கொடுப்பது?
நான் கொடுத்ததும் சில்லறை,
முந்தானை முடிச்சு தொங்கத் தொங்க.
சில்லறை கடையில் நோட்டாகும்.
ஆகும்.
கடைக்காரரிடம் நான் போய்க் கேட்கவில்லை.

விசாரணையில் துரை என்னைப் பார்த்தார்.
நான் புத்தகத்தைத் திறந்து காட்டினேன்.
செவ்வாய் பெரட்டில் அவனுக்குப் பத்துச்சீட்டு.
பத்து ரூபாய்க்குப் பத்துச்சீட்டு என்றார்கள் லயத்தில்,
யாரும் சிரிக்கவில்லை.

புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது.
அந்தக் காலத்துச் சட்டப்படி
வைட் வீசினவன் கணக்கில் ஏறாது.
அது உதிரி. யார் பேரிலும் இல்லாத ஓட்டம்.
ஆகையால்,
வீரமலை: பத்தொன்பது ஓவர்,
முப்பத்தொரு ஓட்டம், ஆறு விக்கெட்.
கணக்கில் ஒரு கறை கிடையாது.

அப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தேன்,
தலவாக்கலைச் சந்தையில்.
சாக்கில் உட்கார்ந்து கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தான்.
நல்லதை நாலு கஜம் தள்ளியிருந்த கூடைக்கு
தலை தூக்காமல் வீசினான்,
ஒன்று, இன்னொன்று, இன்னொன்று.
ஒன்றுகூட லெக் பக்கம் விலகவில்லை.
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ரெண்டு ராத்தல் கேட்டேன்.
என்னைத் தெரிந்ததோ என்னவோ.
மீதி ஏழு சதம்.
எண்ணித்தான் கொடுத்தான்.
நானும் எண்ணினேன்.